ஐரோப்பா அட்டவணையும் எழுபத்தெட்டுப் படியும்

பதினெட்டு நாள். அதுவும் ஐரோப்பா. அதுவும் அம்மாவும் பொண்ணும் மட்டும்.

இந்த மூன்று செய்தியையும் நம்ம அட்டவணைக்காரர் ஒரே மூச்சில் கேட்டார். கையில் இருந்த டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று இருபத்தாறு வருஷமாக அட்டவணை போடுகிற மனிதர் அவர். ஊரையே மணி பார்த்து ஓட வைத்தவர். வீட்டில் மட்டும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"இவ வேலையில சேர்ந்துட்டா அப்புறம் லீவு எங்க கிடைக்கும்? அதான் இந்தக் கோடையிலேயே போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம்," என்றாள் மனைவி.

"நான்?"

"உங்களுக்குத்தான் ஊர் சுத்துறதே பிடிக்காதே. போன தடவை கூப்பிட்டப்போ என்ன சொன்னீங்க? மலையைப் பார்க்க எதுக்கு அவ்வளவு தூரம், காலண்டர்லயே இருக்குன்னீங்க."

சொன்னார்தான். அதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாள் என்று யார் கண்டது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு ஐரோப்பா மேல் ஆசை கிடையாது. பயம்தான். பதினெட்டு நாள் அந்த வீட்டில் தனியாகக் கிடக்கணுமே என்கிற பயம். கேஸ் அடுப்பு பற்றும்போது 'பக்'கென்று ஒரு சத்தம் போடும், அதற்கே இரண்டடி பின்னால் போவார். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் "வந்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரவில்லை என்றால் வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது அவருக்கு. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஐம்பத்து மூன்று வயசு ஆண்பிள்ளை அதை எப்படிச் சொல்வார்? வெட்கக்கேடு! ஆகவே அதைவிடப் பெரிய வெட்கக்கேட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

"தாராளமா போயிட்டு வாங்க," என்றார் மறுநாள், வள்ளல் மாதிரி. "பயணத் திட்டம் மட்டும் நான் போட்டுத் தரேன். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்பட வேண்டாம்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவர் கவனித்திருக்கணும். எங்கே கவனித்தார்?

ஒரு வாரம் உட்கார்ந்து போட்டார். பதினோரு நகரம், நாலு மலை. தினமும் காலை நாலு பத்துக்கு எழுந்திருக்கணும். நாலு இருபத்தஞ்சுக்குப் பெட்டியோடு தெருவில் நிற்கணும். ஒரு ரயிலை விட்டு இறங்கி இன்னொன்றைப் பிடிக்க ஆறு நிமிஷம். அருங்காட்சியகத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம், கழிவறை உட்பட. முதல் நாளே ஒரு தேவாலயக் கோபுரம்: முந்நூற்றுப் பன்னிரண்டு படி, பெட்டியோடு, பதினெட்டு நிமிஷம். சாப்பாட்டுக் கட்டத்தில் 'நின்றபடியே' என்று எழுதினார். இதைப் படித்ததும் இரண்டு பேரும் "ஆளை விடுங்க சாமி, வீட்டிலேயே இருக்கோம்" என்று கையெடுத்துக் கும்பிடணும். அதுதான் திட்டம். எழுதி முடித்துத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. பரம திருப்தி!

புதன்கிழமை கொண்டுபோய் நீட்டினார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

"பிரமாதமா இருக்குங்க."

அவருக்குத் திக்கென்றது. "கொஞ்சம் கஷ்டமா இருக்குமோ?"

"சேச்சே! நீங்க போட்டது தப்பாப் போகுமா? ஆனா கடைசியில ஒரு வரி இருக்கே."

மகள் தாளை வாங்கி உரக்கப் படித்தாள். "'அட்டவணை தயாரித்தவர் முதலில் தாமே சென்று வந்து, நேரம் சரியென ஒப்பமிட வேண்டும்.'"

பணிமனையின் விதி அது. புது வழித்தடம் எதுவானாலும், அட்டவணை போட்டவர் முதல் நாள் அந்த வண்டியில் தானே போய் வரணும். ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் இருபத்தாறு வருஷம் எழுதிய வரி. ஐரோப்பாவுக்கும் எழுதிவிட்டார்!

"அது ஆபீஸ் பழக்கம். கை தானா எழுதிடுச்சு."

"யார் எழுதினா என்ன? நோகாம உட்கார்ந்து நேரம் போட எவனுக்கும் வரும், நான் ஏறிப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிப்பீங்களே?"

"அதுக்காக ஐரோப்பாவுக்குப் போயா பார்க்க முடியும்?"

"ஐரோப்பா எதுக்கு? நம்ம மாடிக்கு எழுபத்தெட்டுப் படி. நாலு தடவை ஏறினா முந்நூத்திப் பன்னண்டு. கோபுரம் வந்துடுச்சு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எழுப்பிவிட்டாள். "நாலு பத்துக்கு எழுப்பியிருக்கணும். பாவம்னு விட்டேன்." பெட்டி தயாராக இருந்தது. உள்ளே அவருடைய பழைய அட்டவணைப் பதிவேடுகள், பெட்டி நிறைய. மகள் நாலாவது மாடியில் கைபேசியோடு நின்று நேரம் பார்த்தாள்.

இரண்டாவது மாடியில்தான் கோர்ட்டார் குடியிருந்தார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

"என்ன சார், வெளியூரா?"

"இல்ல. ஆமா."

அட்டவணைக்காரர் மேலே போய், இறங்கி, மறுபடி ஏறினார்.

"இப்பத்தானே மேல போனீங்க?"

"ஒரு சாமானை மறந்துட்டேன்."

மூன்றாவது தடவை வரும்போது கோர்ட்டார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் டீயோடு பக்கத்தில் நின்றாள். "முதல்ல இல்லன்னீங்க, அப்புறம் ஆமான்னீங்க. எது சரின்னு தெளிவாச் சொல்லிடுங்க சார்."

சொல்ல மூச்சு இருந்தால்தானே? பெட்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் தண்ணீரோடு இறங்கி வந்தாள். பின்னாலேயே மனைவியும்.

"பதினெட்டு நிமிஷம் முடிஞ்சுதுப்பா. இன்னும் நூறு படிக்கு மேல பாக்கி." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க ரெண்டு பேரையும் நிஜமாவே இப்படி ஓட விடணும்னுதான் போட்டியா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. தண்ணீரை வாங்கக்கூடக் கை நீளவில்லை.

"நீங்க போகக் கூடாதுன்னுதாம்மா போட்டேன்," என்றார் படியைப் பார்த்துக்கொண்டு. "தனியா இருக்க எனக்குப் பயமா இருந்துச்சு."

கோர்ட்டார் நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார்.

"அது எனக்கு என்னைக்கோ தெரியும்," என்றாள் மனைவி. "எங்க டிக்கெட்டைப் போன மாசமே எடுத்தாச்சு. மூணு ஊரு, ஒரு மலை. உங்க அட்டவணை எங்களுக்கு வேணவே வேணாம்."

"அப்ப எதுக்குடி ஒரு வாரம் என்னை உட்கார்ந்து எழுத விட்டே?"

"மனசுல இருக்கறதை எப்பத்தான் வாய் திறந்து சொல்றீங்கன்னு பார்த்தேன். மலை மேல எடுத்த வீட்டுல மூணு கட்டில். கடைசி ஒரு வாரத்துக்கு உங்களையும் வரச் சொல்லணும்னு இவதான் ஒத்தக்கால்ல நின்னா. நீங்க என்னடான்னா 'பயணிகள் இருவர் மட்டும்'னு அடிக்கோடு போட்டு எழுதிக் குடுத்தீங்க."

அவருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. மகள் தனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், தான் அவளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அசடு வழிய நிமிர்ந்தார்.

"இப்ப வேணா... நான் வரட்டுமா?"

"அந்தக் கட்டிலை வியாழக்கிழமையே குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

கோர்ட்டாரின் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். காலில் புத்தம்புது ஷூ. பதினெட்டு நாளும் கூடப் போக நடந்து பழகுகிறாளாம். இவ்வளவு நேரம் எதிரே நின்றும் அட்டவணைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை.

"தனியா இருப்பீங்கன்னு கவலைப்படாதீங்க," என்றாள் மனைவி, பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தூக்கியபடி. "அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. நாளையிலேர்ந்து அடுப்பு பத்த வைக்கக் கத்துக்கறீங்க."

"எதுக்கு?"

கோர்ட்டார் நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தார். அட்டவணைக்காரர் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"எனக்குக் காலை டிபன் ஏழரைக்கெல்லாம் வந்துடணும் சார், பதினெட்டு நாளைக்கும் ஒரு அட்டவணை போட்டுடுங்க, அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துடாதீங்க, முதல்ல நீங்க சாப்பிட்டுப் பார்த்துட்டே கொண்டு வாங்க."