மாப்பிள்ளை கொடுத்த பச்சைப் பொடி

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் நீங்கள் சிரிக்கிறீர்கள். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் ‘நீங்கள்’ என்றே கடைசிவரை எழுதுவேன். ஆனால் ஒவ்வொரு ‘ங்கள்’ போடும்போதும் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது.

தலை நரைக்கும்வரை தீயணைப்பு வண்டி ஓட்டியவன் நான். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியதும் பசி செத்துப்போனது, உண்மைதான். ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். “கோழி மாதிரி கிளறாதீங்க, ஒன்னு சாப்பிடுங்க, இல்ல எந்திரிங்க” என்பாள் உங்கள் அத்தை. எழுந்துபோய்ப் படுத்துக்கொள்வேன். யாருக்கும் தொந்தரவில்லாமல் இப்படி இருந்தவனை நீங்கள் வந்து, “மாமா, உடம்ப அசைக்காம பசி எங்கேருந்து வரும்? ஜிம்முக்கு வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். உட்காரச் சொன்னீர்கள், எழச் சொன்னீர்கள், இரும்பைத் தூக்கச் சொன்னீர்கள். மறுநாள் காலை கழிப்பறையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. எரிகிற வீடுகளில் எத்தனையோ கதவுகளை உடைத்து ஆட்களை மீட்டவன். என்னை மீட்க என் பெண்டாட்டி கரண்டியால் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டிருந்தாள். சட்டையையும் அவள்தான் மாட்டிவிட்டாள், எல்.கே.ஜி. பிள்ளைக்கு மாட்டுவதுபோல.

அன்று சாயங்காலமே அந்தப் பச்சைப் பொடி டப்பாவோடு வந்து நின்றீர்கள். “சுத்தமான மூலிகை மாமா. ஜிம் முடிஞ்சதும் ஒரு ஸ்பூன் பால்ல போட்டுக் குடிங்க. தசைவலி ஓடிடும், பசி கபகபன்னு எடுக்கும்.” டப்பாவை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். தினமும் நான் ஜிம்முக்குப் போய் வந்ததும் அவளும் கலந்து கொடுத்தாள். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். மாப்பிள்ளை, ஆயுள் முழுக்கத் தீயை அணைத்த மனிதனின் வயிற்றில் நீங்கள் தீ வைத்துவிட்டீர்கள்!

எங்கள் பழைய நிலைய அதிகாரி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனேன். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது என் வயிறு சங்கு ஊதியது. கடமுடா என்று இல்லை. அடியிலிருந்து மெல்லக் கிளம்பி உச்சத்துக்குப் போய் இறங்கியது, அசல் அபாயச் சங்கு. என்னோடு வேலை பார்த்த கிழவர்கள் நாலு பேரும் பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்துவிட்டார்கள். பிறகு, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட் தட்டு என் பக்கமாக வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. இறந்தவரின் மகன் அழுத கண்ணோடு, “இன்னும் கொண்டுவரவா ஐயா?” என்று கேட்கிறான். “கொண்டு வாப்பா” என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை.

இது போதாதா? மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவின் பிரிட்ஜ் பழுதாகி, மதியச் சாப்பாட்டு டப்பாவை எங்கள் பிரிட்ஜில் வைத்திருந்தாள். ஜிம்மிலிருந்து வந்தேன். திறந்தேன். அதற்குமேல் விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தின்ற கையோடு டப்பாவைத் துலக்கி அதே இடத்தில் வைத்தேன், அந்த அளவுக்கு நாகரிகம் மிச்சமிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் மூடியைத் திறந்துபார்த்துவிட்டுப் போன் செய்தாள்: “ஐயா, டப்பா பளபளன்னு இருக்கு. சோறு எங்க?” மாடிப்படியில் அவள் காலடி கேட்டாலே இப்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன். நானும் அதே படியில் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன் என்பது வேறு விஷயம். அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று டீக்கடைச் சுவரில் கண்டேனே, அதைப் பொறுக்க முடியாது. பனியனோடு கையை மடக்கிக்கொண்டு நான்! ஜிம்மில் விளையாட்டாக எடுத்த படம் என்றுதானே சொன்னீர்கள்? பக்கத்தில் அந்தப் பச்சைப் பொடி டப்பா, கீழே கொட்டை எழுத்தில்: “செத்த பசி உயிர்த்தது! என் மாமனாரே சாட்சி!” டீக்கடைக்காரர் கேட்கிறார், “இது நீங்கதானா? பாக்கிறதுக்கு உங்க தம்பி மாதிரி இருக்காரு.” தெருவே சிரிக்கிறது. யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்? என் தொந்தியும் என் மானமும் உங்களுக்கு விளம்பரப் பலகையா?

வீட்டுக்கு வந்தால் மகள் போனில் அழுகிறாள். பெயின்ட் கிடங்கு வேலையை விட்டுவிட்டீர்களாம். எங்கள் வீட்டு முன்னறையில் பொடிக்கடை போடப்போகிறீர்களாம். “அப்பா சரின்னுட்டாருன்னு சொன்னாரேப்பா!” என்கிறாள். நான் எப்போது சரி சொன்னேன்? வாயில் சோறு இருந்தபோது நீங்கள் கேட்டிருப்பீர்கள், நான் தலையை ஆட்டியிருப்பேன். மென்றால் தலை ஆடத்தான் செய்யும்! முன்னறை கிடையாது. சாவி கிடையாது. திங்கட்கிழமை கிடங்குக்காரர் காலில் விழுந்தாவது வேலையைத் திரும்ப வாங்குங்கள். இனி பொடியோடு என் வாசலை மிதிக்க வேண்டாம்.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீடூழி வாழ்க. (இதை எழுதச் சொன்னது உங்கள் அத்தை.)

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். துக்க வீட்டுப் பகுதியில் சிரித்தவள், முடியும்வரை நிறுத்தவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொடிய நான் திறக்கவே இல்லீங்க” என்றாள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று மாடி நர்ஸம்மா முதல் நாளே சொன்னாளாம். டப்பா சீல் பிரிக்காமல் பரணில் இருக்கிறது. நான் இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தது கறிவேப்பிலைப் பொடி. “பின்ன பசி எப்படி வந்துச்சு?” என்று கத்தினேன். “நாள் பூரா படுத்தே கிடந்தா எப்படி வரும்? இப்ப எந்திரிச்சு நடமாடுறீங்க, வருது” என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே உங்கள் பொடியைத் திட்டிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். அதற்கு நீங்கள் வாங்கவிருந்த பாராட்டையும் சேர்த்து. சுவரிலிருக்கும் நோட்டீஸை இன்றே கிழியுங்கள். முன்னறையில் பொடி விற்கக் கூடாது. நாலு இரும்புக் குண்டும் ஒரு பாயும் போட்டு, என்னைப்போல் படுத்துக்கிடக்கும் கிழவர்களை எழுப்புவதானால் சாவி தருகிறேன். துக்க வீட்டில் வாசலைப் பார்த்து ஓடப்போன அந்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு வாருங்கள். சாப்பாடு இங்கேதான். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். தாமதமானால் மிச்சம் இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இது என் சொந்தப் பசி.