ரத்தம் திரும்ப ஊறும் கணக்கு

அன்புள்ள அண்ணா ஸ்ரீகண்டனுக்கு, தம்பி ராம்கி அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. ஜெயநகரில் நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்குத்தான் நான் குறுக்கே நிற்கப் போகிறேன், மன்னித்துவிடு.

உன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது, என் ஸ்டெம் செல்லை எடுத்து ஏற்றினால் மறுபடி ஊறும் என்று டாக்டர் சொன்னார். பத்துக்குப் பத்து பொருத்தமாம். எனக்கும் ஸ்வர்ணாவுக்குமே ஜாதகத்தில் ஏழுதான் அண்ணா, அதில் முப்பத்துநாலு வருஷமாக நான் படும் பாடு உனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன், வந்ததும் கொடுத்த பிறகு எனக்கு எப்படி ஊறும் என்று சந்தேகம் பிடித்துக்கொண்டது, நம் நிருபமா இந்த ரத்தம் ஊறுவதைத்தானே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஆராய்ச்சி செய்கிறாள், அவளைக் கேட்டேன், ஒரு கோடு காட்டினாள். கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறுகிறது. குடிநீர் இலாகாவில் மந்திரி வரும்போதெல்லாம் மேலே ஏறும் கோடு வரைந்து கொடுத்தவனே நான்தான், குழாயில் ஒரு நாளும் தண்ணீர் அப்படி ஏறி வந்ததில்லை.

"அப்பா, ஸ்டெம் செல்லுல முக்கால்வாசி தூங்கிண்டே இருக்கும். ரத்தம் குறைஞ்சா கொஞ்சம் முழிச்சுண்டு பெருகும், சரியானதும் திரும்பத் தூங்கிடும். எத்தனை முழிக்கணும், எத்தனை நாள்ல நிரம்பும், அதான் எங்க சமன்பாடு."

"யாரு எழுப்புவா?"

"உடம்பே சிக்னல் அனுப்பும்பா."

எனக்குப் பகீரென்றது. எங்கள் ஆபீஸில் சர்க்குலர் அனுப்பி யாராவது எழுந்து பார்த்திருக்கிறாயா? "நாளே நோடோணா சார்" என்று கன்னடத்தில் நாளைக்குத் தள்ளிப் பதில் வரும், அதோடு சரி. என் செல் என்னைப் போலத்தானே இருக்கும். உன் உடம்பிலும் போய் ஃபைலை மூடிவைத்துப் படுத்துவிட்டால்? எனக்கு ஊசி என்றால் பயம், ஒப்புக்கொள்கிறேன். அதைவிட, நான் கொடுத்து அது பலிக்காமல் போனால் மன்னி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் என்னைத் தின்கிறது. ஆகவே சுறுசுறுப்பான வேறு ஆளைப் பார்த்துக்கொள். என்னால் ஆகாது. இது முடிவு.

மன்னிக்கு என் நமஸ்காரம். ஷ்ரேயாஸுக்கு ஆசீர்வாதம், அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
ராம்கி

பின்குறிப்பு: பெரியப்பா, நிருபமா எழுதுகிறேன். மேலே உள்ளதும் என் கையெழுத்துதான், அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தியிருக்கிறது. உங்கள் அறைக்கு இரண்டு மாடி கீழே, காலை ஒன்பது மணியிலிருந்து ஸ்டெம் செல் பிரித்தெடுக்கும் மெஷினோடு படுத்திருக்கிறார். பயத்தையெல்லாம் சொல்லி முடித்தால் போய்விடும் என்றார், போகவில்லை. பை நிரம்பிவிட்டது. நர்ஸ் பிரிஸில்லா அதை மேலே கொண்டுவருகிறார், இந்தக் கடிதமும் அவர் கையிலேயே வரும். ஒரு பை போதுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்கச் சொல்கிறார் அப்பா. போதாதென்றால் நாளைக்கும் வருகிறாராம்.