நாலாவது படியும் நினைவாற்றல் வகுப்பும்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் கீழ்வீட்டுத் தபால்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் ஏணியை இரவல் வாங்கி, நாலாவது படி இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றேகால்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து என் மனைவியிடம் பட்டுவாடா செய்தார். பெரியவர்களுக்கான பகல் மையமாம். காலை பத்து முதல் மூன்று வரை. நாற்காலியில் உட்கார்ந்தே உடற்பயிற்சி, கைபேசிப் பாடம், நினைவாற்றல் வகுப்பு. மறுநாளே அவள் கிளம்பிவிட்டாள்.

முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அதன்பின் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்பு போட்டாயா, கேஸை மூடினாயா, போனில் யார்? இப்போது மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸில் ஆறிக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, உப்பு குறைச்சல் என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

அவளை வீட்டுக்குத் திருப்பியே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

"நாளைக்கு நானும் வரேன்."

"உங்களுக்கு எதுக்குங்க? அங்க உங்களால குப்பை கொட்ட முடியாது."

"யாரால முடியாது?"

"சொன்னா கேளுங்க. ஆறு மாசத்துக்குக் கையெழுத்து வாங்கிடுவாங்க."

"ஆறு வருஷத்துக்கு வாங்கட்டுமே!"

படிவமும் பேனாவும் அவள் கையில் தயாராக இருந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. எல்லாம் மறந்துபோனவன்போல் நடிப்பேன். 'இவரைத் தனியா விடாதீங்கம்மா, வீட்லயே கூட இருங்க' என்று மையத்துக்காரர்களே அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டீச்சருக்கு என் மகள் வயதுதான்.

"ஐயா, இப்பக் காட்டின பத்துப் படத்துல எத்தனை ஞாபகம் இருக்கு?"

"எந்தப் படம்?"

"சரி, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டேனா?"

டீச்சர் முகம் வாடியது. என் மனைவி பக்கம் திரும்பி, "அம்மா, இவரை நீங்க வீட்ல கூட இருந்து..." என்று ஆரம்பித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரம்.

"ஆமாம் டீச்சர், பாவம்," என்றாள் மனைவி. "பழசும் மறந்துபோச்சு. எங்க ஏணில அஞ்சாவது படி போனதுகூட..."

"நாலாவது!"

எழுந்தே விட்டேன்.

"நாலாவது படி! மொத்தம் பதினொண்ணு. செவ்வாய்க்கிழமை, மூணேகால். கோடு போட்ட சட்டை போட்டிருந்தார், அதுல ரெண்டாவது பொத்தான் கிடையாது. உன் தம்பி என் குடையைத் தூக்கிட்டுப் போனது அதுக்கு முந்தின மாசம் ஒன்பதாம் தேதி. கறுப்புக் குடை, வளைஞ்ச கைப்பிடி!"

அரைமணி நேரம் பேசினேன். முடித்தபோது வகுப்பே கைதட்டியது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை வகுப்புத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் ஒருநாளும் வராமல் இருக்கக் கூடாதாம். வேன் வாசலுக்கே வருமாம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வேன் ஹாரன் அடித்தது. மனைவி என் ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீ கிளம்பல?"

"நான் எதுக்குங்க? பேரைக் கொடுத்தது நீங்க. நான் சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் போனேன். டிபன் பாக்ஸை மறந்துடாதீங்க, தலைவரே."

வேனில் தபால்காரர் மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டிரைவர். உங்க வீட்டம்மா கெட்டிக்காரி. என்னை அனுப்ப எங்க வீட்டுல மூணு வாரம் ஆச்சு."

"நீர்தானேய்யா அந்தத் தாளைக் கொண்டுவந்தீர்?"

"உங்க வீட்டம்மாதான் கேட்டு வாங்கினாங்க."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "போகட்டும். என் நாலாவது படி எங்கே?"

"எந்தப் படி?" என்றார் அவர்.

தினமும் கேட்கிறேன். தினமும் அதே பதில். நான் ஆசைப்பட்டபடியே என் மனைவி இப்போது பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் இல்லை. ஏணிப்படியும் இல்லை.