பிரெஞ்சுக் கிணறும் மாமனாரின் புது வேட்டியும்

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் கறந்துகொண்டிருக்கும்போதே செம்புக்குள் எட்டிப் பார்ப்பேன். தபாலில் வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட, நிஜமாகவே கல்யாணம்தானா என்று இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் நம்புவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், என்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (ஆபீசில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதுவதாக இல்லை.)

அந்த வருஷம் என் மனைவி கனகம் விஷக் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாள். உடம்பு தேறிவிட்டது, மூன்று மாதமாகியும் பேச்சும் சிரிப்பும் திரும்பவில்லை. கடல் காற்று நல்லது என்றார் டாக்டர். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பங்களா மாத வாடகைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் திண்டிவனத்திலிருந்து மாமனார் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"சித்திரை ஒண்ணாந்தேதி நானும் வர்றேன் மாப்பிள்ள. எடம் சரியில்லன்னா பொண்ண அன்னைக்கே இட்டுக்கினு போயிடுவேன். தை மாசம் வரைக்கும் கேக்காதீங்க."

ஒன்பது மாதம் கனகம் இல்லாமல்! அந்த வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்துவிடுவது என்று கிளம்பினேன்.

பங்களாவின் காவல்காரர் முனுசாமி, பாவம், சாவிக்கொத்தோடு என் பின்னாலேயே வந்தார். தாழ்ப்பாள்களை ஆட்டிப் பார்த்தேன். ஏணி வாங்கி ஏறி ஓடுகளைத் தட்டினேன். கட்டிலைக் கவிழ்த்து மூட்டைப்பூச்சி தேடினேன்.

"இந்த வீட்டுல யாராச்சும் தூக்கு மாட்டிக்கினாங்களா?" என்று திடீரென்று கேட்டுவிட்டு, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன்.

"அய்ய, இன்னாங்க நல்ல நாளும் அதுவுமா!"

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மூன்று முறை முகர்ந்த பிறகு குடித்தேன். கல்கண்டாக இருந்தது.

"ஐயா, கெணத்தப் பத்தி ஒரு சங்கதி. அது வந்து, அந்தாண்ட..."

"நிறுத்துங்க! தூர் வாரணும், கயிறு வாங்கணும்னு ஆரம்பிப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"அதில்லீங்க..."

"பேசாதீங்கன்னா!"

அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே நடந்தார். கிணற்றுக்குப் போகும் வழியில் ஒரு கல் நட்டிருந்தது. பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, அதில் காக்கி உடுப்போடு ஒருவர். போலீஸ் காவல் போலிருக்கிறது, திருட்டுப் பயமில்லை என்று மகிழ்ந்துபோனேன். அந்த இடத்தில் நான் சந்தேகப்படாமல் விட்டது அந்தக் கொட்டகையை மட்டும்தான்.

சித்திரை ஒன்று அன்று நானும் கனகமும் குடிவந்தோம், சொன்னபடியே மாமனாரும் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாத ஏமாற்றத்தோடு குளிக்கக் கிளம்பினார். விழுப்புரத்தில் நான் எடுத்து, அன்று காலையில் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்த புது வேட்டி துண்டுக்குள் சுருட்டியபடி அவர் கக்கத்தில் இருந்தது. குளித்து, அதைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய திருநீற்றோடு திரும்பினார். கல்லருகே காக்கிச் சட்டைக்காரர் மறித்தார்.

"பெரியவரே, நில்லுங்க. வேட்டி புதுசா கீதே? பிரெஞ்சு எல்லையில வாங்கினதுக்கு சுங்கம் கட்டிட்டு வாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீடு இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தது, கிணறு பிரெஞ்சுக்காரன் சீமையில். கொட்டகைதான் சுங்கச் சாவடி.

"யோவ், இது எம் மாப்பிள்ள எடுத்துக் குடுத்தது!"

"போறப்ப பழசு கட்டிக்கினு போனீங்க, நானே பார்த்தேன். மூலையில மஞ்சகூட இன்னும் காயல. பில்லு இருந்தா காட்டுங்க."

பில் இருந்தது. எதையும் நம்பாதவன் பில்லைத் தொலைப்பானா? விழுப்புரத்தில், டிரங்குப் பெட்டிக்குள், இரண்டு பூட்டுப் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

சுங்கமும் கட்ட மாட்டேன், வேட்டியையும் அவிழ்க்க மாட்டேன் என்று மாமனார் திரும்பிப் போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சு மண்ணிலிருந்து கத்தினார்.

"மாப்பிள்ள! ஊட்டுல ஆணியக்கூட எண்ணிட்டேன்னீங்களே, கெணறு எந்த சர்க்காருன்னு கேட்டீங்களா?"

"நான் சொல்லத்தான் வந்தேங்க," என்றார் முனுசாமி மெதுவாக. "ஐயாதான் பேசாதேன்னுட்டாரு."

மானம் போயிற்று. அதைவிட, கனகமும் போகப்போகிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் வாசலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கனகம் தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் கத்துவதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார். பிறகு பழைய வேட்டியை ஈரத்தோடு கட்டிக்கொண்டு, புதியதைச் சாவடியில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"பொண்ணு இங்கயே இருக்கட்டும்," என்றார். "நீங்க ஜல்தியா போயி அந்த பில்ல எடுத்துக்கினு வாங்க."

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றும் சித்திரை பிறந்து புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கும்போது, "இன்னாங்க, பில்லு இருக்குதா?" என்று கனகம் கேட்பாள். பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். நானும் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டுவேன். அவள் அதை வாங்கி, தேதியைச் சரிபார்த்த பிறகுதான் திருப்பித் தருவாள்.