நாலாவது கால்

ஒடுக்குமுறையை எதிர்ப்பதற்காக ஓட்டை வாளி தேடி அலையும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? கழிபொருள் சிற்பி என்று பெயர். சனிக்கிழமை காலையில் குமணன்சாவடி காயலான் கடைக்குப் போனால் கட்டாயம் தென்படுவார். துருப்பிடித்த சைக்கிள் செயினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல ஒரு வலி இருக்கு" என்பார். கடைக்காரர் தராசைத் தேடுவார்.

எங்கள் சென்னீர்குப்பம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாய்த்தவர் ஹேமநாதன். ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு நாள் புரட்சி. குக்கர் மூடியில் சர்வாதிகாரியின் முகம் வரைவார், பிய்ந்த செருப்புகளைப் பலகையில் அறைந்து 'ஊர்வலம்' என்பார், உடைந்த கீபோர்டில் சிவப்புப் பெயிண்டைக் கவிழ்த்து 'மௌனம்' என்பார், நாம் திகைத்துப்போய் வாயடைத்து நின்றால் புரிந்துவிட்டது என்று கண்கலங்குவார். விளக்கம் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலே சொல்வார்.

சென்ற மாதம் குடியிருப்புக் கூடத்தில் அவருடைய கண்காட்சி. நட்டநடுவில் மேடை போட்டு ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று கால்தான் இருந்தது, நாலாவதுக்குச் செங்கல். மேலே சங்கிலி. தலைப்பு, 'நாலாவது கால்'. "அதிகாரத்தைத் தாங்கி நிற்கிற உழைப்பாளிதான் இந்தச் செங்கல்" என்று அவர் உருகிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி பெருக்கும் சரசா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"சார், இது என் சேரு. படிக்கட்டாண்ட வச்சிருந்தேன். நாலு நாளா தேடிகினு கீறேன்."

"சரசாம்மா, உங்களுக்காகத்தான் இதைப் பண்ணினேன். உங்க வலியைத்தான்..."

"எனுக்காகன்னா குட்த்துடு சார். முட்டி வலி உயிர் போவுது."

கூடத்தில் யாரோ செருமினார்கள். ஹேமநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேற எங்கயாவது உட்காருங்களேன்."

"கீய வாசலாண்ட சோபா கீதே, அதுல குந்தட்டா?"

அவர் நாற்காலியின் சங்கிலியை நேராக்கினார். சரி என்று எப்படிச் சொல்வார்? வேலையாட்கள் சோபாவில் உட்காரக் கூடாது என்ற சுற்றறிக்கையில் குடியிருப்போர் சங்கச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

சரசா சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "இத்த நீயே வச்சுக்கோ சார்." ஒரு கையில் நாற்காலி, மறுகையில் செங்கல், யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் முட்டுக்கொடுத்து, "அப்பாடா" என்று உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

நம் கலைஞர் தோற்றுவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? காலி மேடையைப் படமெடுத்தார். 'இன்மை' என்று தலைப்பிட்டார். இணையத்தில் ஏற்றினார்.

அதற்கு முதல் இதயக்குறி போட்டவன் நான்தான். அடியேன் அந்தச் சுற்றறிக்கைக்குக் கைதூக்கியவனும்கூட. இரண்டாவது குறி யாருடையது என்று பார்த்தேன். சரியாக நினைவில்லை, உங்கள் பெயர் மாதிரிதான் இருந்தது.