சிவப்பு ஒளிக்குச் சான்றிதழ்

ஒளியைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் குழு அமைத்து, தேநீர் அருந்தி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டு ஒளியைக் கண்டுபிடித்த பெருமை தகவல் தொடர்பு இயக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு மட்டுமே உண்டு. அந்த வரலாற்றுச் சம்பவத்தின்போது அறையில் இருந்த இணைப்பாளருக்குத்தான் அதன் மகத்துவம் விளங்கவில்லை. தகவலை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைகளை ஒட்டியே பதினோரு வருடம் ஓட்டிவிட்டவள் அவள். மகத்துவத்தையெல்லாம் பார்க்க நேரம் கிடைத்ததில்லை.

அவளுடைய கவலை அக்காவைப் பற்றியது. அக்கா அறுபது கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸ். சிக்கலான கேஸ் என்றால் நோயாளியை மூன்று மணி நேரம் வண்டியில் கீழே இறக்க வேண்டும். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போயே சேர்ந்துவிடுவார்கள். இழை வழியாக இணைப்பு வந்துவிட்டால், பெரிய டாக்டர் இங்கிருந்தே திரையில் பார்த்துச் சொல்லச் சொல்ல, அங்கே கத்தி வைக்கலாம். இழையை அவள் மலைவரை ஒட்டி முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரு சான்றிதழ்தான்.

சான்றிதழ் தரும் குழுவின் தலைவர் இருபத்தெட்டு வருடம் தெருவிளக்குப் பிரிவில் இருந்தவர். இதுவும் ஒளிதானே என்று அவரையே நியமித்தது நிர்வாகத்தின் தொலைநோக்கு. சிக்கன உணர்வோடு படிவத்தையும் அவர் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"மூணாவது கேள்வி. வெளிச்சம் கண்ணால் பார்க்கப்பட்டதா?"

"இது கண்ணுக்குத் தெரியாது சார். இந்தப் பெட்டிக்குள்ள எள்ளு அளவுக்கு ஒரு லேசர் இருக்கு. அது விடுற வெளிச்சம் நம்ம கண்ணுக்கு எட்டாது. ஆனா அதுதான் கண்ணாடிக்குள்ள தேயாம ரொம்ப தூரம் போகும். மீட்டர்ல அளவு காட்டுது பாருங்க."

"மீட்டர் கையெழுத்துப் போடுமாம்மா?"

"போடாது சார்."

"அப்ப அதை எதுக்குக் கேக்கணும்?"

தலைவர் மேசைமேலிருந்த மாதிரி இழையின் நுனியைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அவள் பதறிப்போய் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினாள்.

"பாக்காதீங்க சார். கண்ணு கெட்டுடும்."

"கண்ணுக்கே தெரியாதது கண்ணை எப்படிக் கெடுக்கும்?"

குழுவின் இன்னொரு உறுப்பினரான பாதுகாப்பு அதிகாரி, விதிப்படி அணிந்திருந்த கறுப்புக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்து, தமக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று உறுதிப்படுத்தினார்.

"கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய்னு சொல்லுவாங்களே சார்" என்றாள் அவள்.

"தீர விசாரிக்கத்தானே குழு போட்டிருக்கு. நாலாவது கேள்வி. பூச்சி வருதா?"

"வராது சார்."

"பூச்சிகூட நம்பாத வெளிச்சம்" என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வராத குறை. லேசரை ஓரமாக வைத்துவிட்டு, இழையில் முறிவு ஏதும் இல்லை என்றாவது காட்டலாம் என்று, பையிலிருந்த சோதனை டார்ச்சை எடுத்துச் செருகினாள். இழை நுனியில் பொட்டு வைத்தாற்போலச் சிவப்பு மின்னியது. தலைவர் எழுந்து நின்றார்.

"இதை இத்தனை நேரம் எங்கம்மா வச்சிருந்தே?"

"சார், இது அஞ்சு கிலோமீட்டர்கூடத் தாண்டாது. ஆஸ்பத்திரி அறுபதுல இருக்கு."

"நாங்க இங்கதானேம்மா இருக்கோம்."

அன்றே சிவப்பு ஒளிக்குச் சான்றிதழ் கிடைத்தது. மலைக்குப் போகும் இழையில் டார்ச்சையே செருகச் சொல்லி, லேசருக்கு 'ஒளிராத பொருள்' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார்கள். சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"லைன் திறந்தாச்சுன்னு சொல்றாங்க, இங்க ஒண்ணுமே வரலையேடி."

"வரும்க்கா. நாளைக்குக் காலையில பாரு."

மறுநாள் எல்லோருக்கும் முன்பாக வந்தாள். அலமாரியைத் திறந்து லேசரை எடுத்து மலைக்குப் போகும் இழையில் செருகினாள். தலைவரின் சிவப்புக்கு எங்கும் போகாத ஒரு முழம் இழைத்துண்டைக் கொடுத்து, அதன் மறுநுனியை முன்பக்கம் பார்வைக்கு வைத்தாள். அவரவருக்கு வேண்டிய வெளிச்சம் அவரவருக்குக் கிடைத்தது. இரண்டே வாரத்தில் மலையில் ஏழு ஆபரேஷன் நடந்தது. சிவப்பு ஒளியின் 'சாதனை' பற்றித் தலைவர் மூன்று கூட்டங்களில் பேசினார்.

நாலாவது கூட்டத்துக்கு முன் சிவப்பைத் தம் கைக்குட்டையாலேயே துடைக்க வந்தவர், பின்னால் சீட்டு ஒட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டார். மறைத்துப் பயனில்லை என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் குனிந்து அந்த முழம் இழையை நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. உடனே புரிந்துகொண்டார்.

"புரியுதும்மா. ஆனா சான்றிதழ்ல சிவப்புன்னு இருக்கே. இந்தப் பெட்டியைக் கழட்டிடு."

"கழட்டினா அங்க நின்னுடும் சார். இப்ப ஆபரேஷன் நடந்துக்கிட்டிருந்தாலும் இருக்கும். நான் மாட்டேன்."

தலைவர் பிறரை நம்பிக் காத்திருப்பவர் அல்லர். தாமே கழற்றினார்.

மேசைமேலிருந்த அவளுடைய போன் அடித்தது. எடுக்கும் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வயித்தைத் திறந்து வச்சிருக்கோம்டி. பெரிய டாக்டர் 'இப்ப ரொம்ப கவனமா'ன்னு சொன்னாரு, அதோட நின்னுபோச்சு. என்ன கவனமா? எதைத் தொடக் கூடாது?"

அவள் தலைவரின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிச் செருகினாள். போனுக்குள், தூரத்தில், பெரிய டாக்டரின் குரல் மீண்டும் பேச ஆரம்பித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தலைவர் நிதானம் இழக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து, அன்றைய அறிக்கையை எழுதினார்: "இன்று காலை மலை ஆஸ்பத்திரியுடனான தொடர்பு நாற்பது வினாடி துண்டிக்கப்பட்டது. அந்த நாற்பது வினாடியும் சிவப்பு ஒளி சற்றும் மங்காமல் எரிந்தது என்பதைக் குழு பெருமையுடன் பதிவு செய்கிறது."