ஒழுங்கு சாரின் கூட்டம் முடிந்த விதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்குப் பிறகு சும்மா இருந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஒழுங்கு சார் அவதரித்தார்.

ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் பழுத்தவர். 'வச்ச மதிப்பை மாத்தக் கூடாது' என்ற அதன் நெறிப்படி ஆறு வருடமாகக் கண்ணாடி ஃபிரேமைக்கூட மாற்றாதவர். மகளைத் தூங்கவைக்கும்போதும் அதையே ஓதுவார். அண்மையில் ஒரு புதிய லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, இறக்கியிருந்தார். நிரலில் ஒரு வேலை நாலு குட்டி வேலைகளைக் கிளப்பிவிட்டு, அவை என்ன ஆயின என்று பார்க்காமலே நடையைக் கட்டிவிடும் அல்லவா? அந்த அராஜகம் இனி நடக்காது. 'குழந்தை வேலைகள் அனைத்தும் முடியும் வரை தாய் வேலை முடியக் கூடாது.' இதைப் படித்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நிரலுக்கு நல்லது மனிதருக்குக் கெட்டதா என்ன? அந்த விதியை விளக்க, அந்த விதியின்படியே, செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம் போட்டார். நாலு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியதும் அவர்தான். "ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. இன்னிக்கும் ஆச்சுன்னா, இனிமே உங்களை நம்பி அவளை விடவே மாட்டேன்," என்று மனைவி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்.

புரொஜெக்டர் எரியவில்லை. கேபிள் கொண்டுவர டெஸ்டரை அனுப்பினார். ஸ்டோர் ரூம் சாவிக்கு டெஸ்டர் டிசைனரை அனுப்பினார். சாவி வைத்திருக்கும் ஸ்டோர்காரரைத் தேட டிசைனர் ரிசப்ஷனிஸ்டை அனுப்பினார். ஸ்டோர்காரர் பல் பிடுங்கப் போயிருந்தார்.

மூன்றே முக்காலுக்கு டேட்டாபேஸ்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"சார், நீங்க வேணா கிளம்புங்களேன். நாங்க பாத்துக்கறோம்."

"ஒரு புள்ள, ஒரு பேரன், ஒரு கொள்ளுப்பேரன் வெளியில அலையுது. அம்போன்னு விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? மனசாட்சி இருக்காய்யா உமக்கு?"

"அப்ப கூட்டத்தை ரத்து பண்ணிடலாமே. லைப்ரரியிலயே அதுக்கு வழி இருக்கே சார்."

"எல்லாம் திரும்பி வந்தப்புறம்தான் கலையறதுன்னு முடிவு பண்ணியாச்சு. வச்ச மதிப்பை மாத்தறதாவது!"

நிமிஷத்துக்கு ஒரு தடவை அவரும் கடிகாரத்தைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. மனைவியிடமிருந்து வந்த நான்கு அழைப்புகளையும் 'இடையூறு' என்று வகைப்படுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்தேகாலுக்கு ஸ்டோர்காரர் கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். கொள்ளுப்பேரன், பேரன், பிள்ளை எல்லாரும் வரிசையாகத் திரும்பினார்கள். ஒருவர்கூடத் தொலையவில்லை! அறையே கைதட்டியது. கேபிள் பொருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு மணிக்கு அவர் பள்ளி வாசலுக்கு ஓடிவந்தபோது காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எட்டு வயது மகள், புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு.

"மன்னிச்சுக்கங்கண்ணே, உங்களையும் காக்க வச்சுட்டேன்."

"என் டூட்டி நாலரைக்கே முடிஞ்சிது சார். கடைசிப் புள்ள போகாம கேட்டைப் பூட்டக் கூடாதுன்னு இங்க விதி. பதினெட்டு வருஷமா இருக்கு."

ஒழுங்கு சாருக்குப் புல்லரித்தது. "அட! இது எந்த லைப்ரரிண்ணே?"

"லைப்ரரி மூணரைக்கே பூட்டியாச்சு. நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க."

நோட்டில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். பேனா அதன் மேலேயே நின்றது. மகள் எட்டிப் பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"போன ரெண்டு தடவையும் 'முக்கியமான வேலை'ன்னு எழுதியிருக்கீங்கப்பா. அதையே எழுதுங்க. வச்ச மதிப்பை மாத்தக் கூடாதில்ல?"